சித்தப்பாவின் கூப்பிடு கணக்கு

சித்தப்பாவுக்குப் புதிதாக வந்த சக்கர நாற்காலி வண்டியை அளக்க நான் வைத்திருந்த கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. சித்தப்பா காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டால் ஒரு கோடு. வண்டி வருவதற்கு முந்தைய வாரத்தில் நாளுக்கு 23 கோடு. நான்கு மாதம் கழித்து 14.

சித்தப்பாவுக்கு 64 வயது. மூன்று வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வீடு கொடைக்கானல் ஆனந்தகிரியில். இத்தனை காலம் அவர் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கும் மடக்கு நாற்காலி. யார் உடம்புக்கும் அளவெடுக்காதது, பின்னால் ஆள் நின்று தள்ளினால்தான் நகரும். ஏரிக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அதைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஏற்றம் புரியும். தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். உட்கார்ந்திருப்பவரோ அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். சித்தப்பா மெல்ல மெல்ல ஏரிப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

புதிதாக வந்தது இரண்டு பாகம். நியோஃபிளை என்பது சக்கர நாற்காலி. நியோபோல்ட் அதன் முன்னால் மாட்டும் மின்வண்டி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் நடக்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையத்தில் உருவாகி, அங்கேயே வளர்ந்த நியோமோஷன் நிறுவனம் 2021இல் வெளியிட்டவை இவை. அப்போது நாற்காலி 39,900 ரூபாய், முன்வண்டி 55,000 ரூபாய். இதே மையத்திலிருந்துதான் 2019இல் உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து நிற்க வைக்கும் ‘அரைஸ்’ நாற்காலி வந்தது. 2025இல் 9 கிலோ மட்டுமே எடையுள்ள ‘ஒய்.டி. ஒன்’ வந்தது.

நியோஃபிளையின் சிறப்பு அளவெடுத்துச் செய்வது. பதினெட்டு விதங்களில் ஆளுக்கேற்ப மாற்றலாம். அகலம், முதுகுச் சாய்வின் உயரம், பாதம் வைக்கும் இடம் எல்லாம் தையற்காரர் சட்டைக்கு எடுப்பதுபோல. இது அலங்காரத்துக்காக அல்ல. தோளும் சக்கரமும் சரியான இடத்தில் அமைந்தால்தான் கை சக்கரத்தை முழுவீச்சில் உந்தும். இருக்கை அகலமாகிவிட்டால் முழங்கை விரிந்து தோள்மூட்டு தேயும். முதல் நாளே கூடத்திலிருந்து அடுப்படி வரை தானே உருட்டிக்கொண்டு வந்த சித்தப்பா, “இது என் அளவுக்கு இருக்குடா” என்றார். 60 வருஷத்தில் அவர் அளவுக்கு வந்த முதல் நாற்காலி.

முன்வண்டியை மாட்டினால் மூன்று சக்கர வாகனமாகிவிடும். தமிழக அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரையும் அவர் ஓட்டியிருக்கிறார், நல்ல வண்டிதான். ஆனால் நாற்காலியிலிருந்து அதற்கு மாற ஒரு ஆள், போன இடத்தில் இறங்க இன்னொரு ஆள். இதில் அந்த மாறுதலே கிடையாது. கடை வாசலில் முன்வண்டியைக் கழற்றிவிட்டால் அதே நாற்காலியில் உள்ளே போகலாம். நோட்டில் குறைந்த ஒன்பது கோடுகளில் பாதிக்கு மேல் இதனால்தான்.

வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் எந்த மின்வண்டியின் கணக்கையும் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏற்ற 27 வாட்-மணி மின்சாரம் வேண்டும். மோட்டாரில் வீணாகும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கூடும். சமதளத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம் ஒரே ஏற்றத்தில் போய்விடும். குளிரில் லித்தியம் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் முன்வண்டி கூடத்துக்குள்தான் தூங்குகிறது.

செங்குத்தான இடங்களில் இன்னொரு விஷயம். முன்சக்கரம் இழுக்கும் வண்டி எதுவானாலும் ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும், முன்சக்கரத்தின் பிடி தளரும். உடம்பை முன்னால் சாய்த்து, நிதானமாக, ஈரமில்லாத தார்ச்சாலையில் ஏற வேண்டும். மழை பெய்தால் சித்தப்பா புறப்படுவதில்லை. ஐந்து கிலோமீட்டர் சுற்றுள்ள ஏரிச்சாலைதான் இதற்கென்றே போட்டதுபோல் இருக்கிறது. ஒரு முழுச் சுற்று, நடுவில் ஒரு டீ. என்னைக் கூப்பிடவில்லை.

பழனியில் படியேற முடியாதவர்களுக்கு 1966இல் வின்ச் வந்தது, 2004இல் ரோப் கார் வந்தது. மலையேற வழி கண்டுபிடித்துவிட்டோம், வாசல்படி ஏறத்தான் இன்னும் தடுமாறுகிறோம். எங்கள் வீட்டு வாசல்படி 12 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விதிப்படி 144 சென்டிமீட்டர் நீளத்துக்கு மரச்சாய்வு தேவைப்பட்டது. ஆசாரி அரை நாளில் முடித்தார். அந்தச் சாய்வு போடுவதற்கு முன்பு முன்வண்டி நான்கு நாள் சும்மாதான் நின்றது.

மிச்சமிருக்கும் 14 கோடுகள் என்னென்ன? கீழே விழுந்த பொருளை எடுத்துத் தர நான்கு. மேல் அலமாரி, எட்டாத சுவிட்ச், ஜன்னல் கொக்கி எல்லாம் சேர்ந்து ஐந்து. குளியலறைக்கு மூன்று. இரவு படுக்கும்போது கம்பளி சரிசெய்ய இரண்டு. வீட்டு ரோபோ செய்கிறவர்கள் குறிவைப்பது இந்த வேலைகளைத்தான். அமெரிக்காவில் ஆரன் எட்சிங்கரும் சார்லி கெம்பும் தொடங்கிய ஹலோ ரோபோ நிறுவனத்தின் ‘ஸ்ட்ரெட்ச்’ ஒரு சக்கரப் பலகை, ஒரு கம்பம், நீண்டு சுருங்கும் ஒரு கை, அவ்வளவுதான். எடை 24.5 கிலோ. ஏறத்தாழ இரண்டு கிலோ தூக்கும். கைகால் அசையாத, பேச முடியாத ஹென்றி எவான்ஸ் தலையசைவால் அதை இயக்கித் தன் வீட்டில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அந்தப் படக்காட்சியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தால் அன்று எத்தனை கோடு குறைந்திருக்கும்!

2024இல் ஸ்ட்ரெட்ச் 3 வந்தபோது அதன் விலை 24,950 டாலர், அதாவது இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். படி ஏறாது. நம் வீடுகளின் நிலைப்படியைத் தாண்டாது. இதை இங்கே கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் நம் கதவு அகலத்தையும் வாசல்படி உயரத்தையும் அளந்துகொண்டு தொடங்க வேண்டும். நியோஃபிளை ஆளை அளந்ததுபோல.

அதுவரை? சில நூறு ரூபாய்க்கு ஒரு கவ்வுக்கோல் வாங்கினேன். பிடியை அழுத்தினால் நுனி கவ்வும். கீழே விழுந்த மாத்திரை அட்டை, செய்தித்தாள், கண்ணாடிக் கூடு எல்லாம் வருகிறது. மூன்று கோடு போயிற்று.

கைகளில் வலு உள்ளவர், தார்ச்சாலையை ஒட்டி வீடு உள்ளவர், சாய்தளம் போட இடம் உள்ளவர் இந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம். படிக்கட்டு இறங்கித்தான் வீடு என்றால் வண்டிப் பணத்தில் ஒரு பங்கைப் பாதைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை யோசியுங்கள். தோளில் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கையால் உந்தும் நாற்காலிக்குப் போக வேண்டாம்.

வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். குளியலறை நிலைப்படியை உடைத்துத் தரையைச் சமமாக்கி, கதவை நான்கு அங்குலம் அகலப்படுத்த வேண்டும். அது முடிந்தால் 11 கோடு எட்டாகும்.