முல்லைப்பாட்டில் மழையும் மனமும்

மனவிறுக்கம் தீர மரநிழலில் உலவுக என்பர் மருத்துவர். விடுமுறை நாளில் குழந்தைகளோடு பூங்காவை நாடும் நாம் அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், இயற்கை துயர் தீர்க்கும் என்பதற்குப் பத்துப்பாட்டுள் சிறியதாகிய முல்லைப்பாட்டைச் சான்று காட்டுவதை நாம் உடன்படோம்.

கார்கால மாலையில் முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். குளிரில் நடுங்கும் ஆயர்மகள், தாய் இப்பொழுதே வந்துவிடும் என்று கன்றைத் தேற்றுகின்றாள். அச்சொல்லை வந்து உரைத்தும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. கன்றுக்குச் சொன்ன ஆறுதல் அரண்மனைக்கு எட்டவில்லை போலும்! எழுநிலை மாடத்துக் கூரையினின்று வீழும் மழைநீரின் இனிய ஓசையைக் கேட்டபடியே அவள் துயருற்றுக் கிடக்கின்றாள். இறுதியில் அவள் செவியை நிறைப்பது மீண்டுவரும் படையின் ஆரவாரம்.

காயாவும் கொன்றையும் கோடலும் தோன்றியும் பூத்த காட்டினை நப்பூதனார் எங்கே வைத்தார்? வென்று திரும்பும் தலைவனின் தேர் வரும் வழியில். நச்சினார்க்கினியர் இப்பாட்டின் அடிகளை முன்பின்னாக மாற்றிப் பொருள் கொண்டதை மறைமலையடிகள் மறுத்தது முறையே. இவ்வேறுபாடு புலவர் வைத்த வரிசையிலன்றோ தெளிவாகின்றது!

இந்நகருக்கு வந்த முதலாண்டில், மழை பெய்யும்போதெல்லாம் சன்னலருகே பேச்சின்றி நின்ற நம் வீட்டுப் பெண்களுக்கு இவ்வுரை வேண்டுவதின்று.