மணி அடிக்காத டெலிபோன்

முக்கோணக் காதல் என்றால் நம் சினிமாவில் ஒருவர் சாக வேண்டும், இல்லையேல் விட்டுக்கொடுக்க வேண்டும். 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் தண்ணீரில் விழுந்த கமலை ரஜினி காப்பாற்றாமல் விடுவாரே, அப்படி. ஜான் ஷ்லெசிங்கரின் 'சண்டே பிளடி சண்டே' (1971) அந்தப் பக்கமே போகவில்லை. லண்டனில் நடுவயது டாக்டர் டேனியல், விவாகரத்தான பெண் அலெக்ஸ். இருவரும் காதலிப்பது பாப் என்ற ஒரே இளைஞனை. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியும், சண்டையில்லை, காத்திருப்புதான்.

அந்தக் காத்திருப்பை டெலிபோனில் காட்டியிருப்பதுதான் அபாரம். நம்பரைச் சுழற்றியதும் கேமரா எக்ஸ்சேஞ்சுக்குள் புகுந்து, இயந்திரங்கள் படபடவென்று துள்ளுவதைக் காட்டும். இருவருக்கும் தகவல் வாங்கி வைப்பவர் ஒரே அம்மாள்!

பெருநகர் என்ற ஊரில், வந்தவாசி பஸ்களின் இரைச்சல் ஓய்ந்த இரவில் படத்தைக் கைபேசியில் பார்த்தேன். டேனியலும் பாப்பும் முத்தமிடும் காட்சியில் அதிர்ச்சியூட்டும் ஏற்பாடு எதுவுமில்லை. வேலை முடிந்து வந்தவரை வீட்டார் வரவேற்கும் இயல்பு. இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கைக்கு எதிரான தண்டனைச் சட்டம் தளர்ந்தது 1967-இல்தான். நம் நாட்டில் 2018 ஆயிற்று.

டேனியலாக பீட்டர் ஃபின்ச். யூதக் குடும்ப விசேஷத்தில் உறவினர்கள் அவருக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். அவர் மரியாதையாகச் சிரித்துச் சமாளிக்கும் அந்த முகத்தை உத்திரமேரூர் கல்யாண மண்டபங்களிலும் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிக்காகவே படத்தைப் பாருங்கள்.