மூன்றரை சதவீதத்துக்குள் ஒரு முழு பீர்

பிரிட்டனில் காய்ச்சப்படும் ஏல் வகை பீர்களுக்கு ஒரு சாம்பியன் பட்டம் உண்டு. 1971-ல் தொடங்கிய 'காம்ரா' என்ற பீர் பிரியர்களின் அமைப்பு அதை வழங்குகிறது. எந்தக் கோப்பையில் எந்த பீர் இருக்கிறது என்று தெரியாமல்தான் நடுவர்கள் குடித்துப் பார்ப்பார்கள். 2007-ல் அந்தப் பட்டம் ஷ்ராப்ஷயரின் கிளிபரி மார்ட்டிமர் என்ற சிற்றூரில் காய்ச்சப்படும் ஹாப்சன்ஸ் மைல்டுக்குப் போனது. அதில் ஆல்கஹால் 3.2 சதவீதம்தான். ஏதோ அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்று ஒதுக்கவும் முடியாது. 2000-ல் லங்காஷயரின் மூர்ஹவுஸ் பிளாக் கேட் (3.4), 2009-ல் யார்க் பக்கத்து ரட்கேட் ரூபி மைல்ட் (4.4), 2011-ல் எசெக்ஸின் ஆஸ்கர் வைல்ட் (3.7) என்று மைல்ட் எனப்படும், பெரும்பாலும் கறுத்த ஏல் வகை திரும்பத் திரும்ப முதலிடம் பிடித்த காலம் அது.

ஆனால் முதன்முறை குடிப்பவர் பெரும்பாலும் சொல்வது, "என்ன, தண்ணியா இருக்கே!" குற்றம் நிறத்தின் மேல். கறுப்புக்குப் பக்கத்தில் வரும் பழுப்பைப் பார்த்ததும் ஸ்டவுட் போலக் கனமாக, கருகலாக இருக்கும் என்று நாக்கு தயாராகிவிடுகிறது. உண்மையில் நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. அதிகமாக வறுத்த மால்டில் (முளைவிட்ட பார்லியில்) ஒரு பிடி சேர்த்தாலே அண்டா முழுக்கக் கறுத்துவிடும். ஆல்கஹால் எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஈஸ்ட் தின்னும் சர்க்கரையின் அளவு.

மைல்ட் எப்போதும் இப்படி இளைத்த பீராக இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் 6 சதவீதமும் அதற்கு மேலும் சாதாரணம். மாதக்கணக்கில் பீப்பாயில் வைத்துப் பழக்காமல், புதிதாகவே விற்கப்பட்ட பீர் என்பதுதான் அன்று அதன் அடையாளம். முதல் உலகப் போர் வந்தது. தானியத் தட்டுப்பாடு, வரி உயர்வு, ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்களே என்ற அரசின் கவலை எல்லாம் சேர்ந்து பீரை நீர்க்கச் செய்தன. காய்ச்சும் சாற்றின் அடர்த்தி 1914-ல் சராசரியாக 1050-க்கு மேல் இருந்தது. போர் முடியும்போது 1030-ஐ ஒட்டி வந்துவிட்டது. தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று வைத்துக்கொண்டால் இந்த எண்களின் பொருள் புரியும். போருக்குப் பிறகு மற்ற பீர்கள் ஓரளவு தேறின. மைல்ட் தாழ்ந்த இடத்திலேயே தங்கி, அங்கேயே ஒரு கலையாக வளர்ந்தது. சுரங்கத்திலும் இரும்பு உலையிலும் வியர்வை சிந்தியவர்களுக்கு நாலைந்து பைன்ட் குடித்தாலும் வீட்டுக்கு நேராக நடந்து போகும்படியான பீர் தேவைப்பட்டது. 1950-கள் வரை இங்கிலாந்து பப்புகளில் அதிகம் ஓடியவற்றில் ஒன்று இதுதான்.

ஆகவே ருசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, சுவை எவ்வளவு பெரியது என்பதல்ல. இவ்வளவு குறைந்த மூலப்பொருளில் எங்காவது ஓட்டை தெரிகிறதா என்பதே.

முதலில் வெப்பநிலை. பீப்பாயிலிருந்து கைப்பம்பு வழியே வரும் மைல்ட் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஐஸ் போலக் குளிர்ந்த பீருக்குப் பழகியவருக்கு இது வெதுவெதுப்பாகத் தோன்றும். தோன்றட்டும். அதிகக் குளிரில் மால்டின் மணம் எழாது. நாக்குக்கு எட்டுவது கசப்பும் தண்ணீரும்தான். பாட்டில் கிடைத்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது வெளியில் வைத்துவிட்டு ஊற்றலாம்.

பிறகு கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். மேசையில் கறுப்பாக இருந்தது விளக்கின் முன் மாணிக்கச் சிவப்பாக மாறினால் நல்ல அறிகுறி. கலங்கல் இருக்கக் கூடாது. நுரை பற்றிச் சண்டை போட வேண்டாம்: வட இங்கிலாந்தில் குழாய் முனையில் துளைமூடி ஒன்றைப் பொருத்திக் கெட்டியான நுரையோடு ஊற்றுவார்கள், தெற்கே மெல்லிய படலம் போதும் என்பார்கள். இரண்டும் சரியே.

மணத்தில் அவசரம் கூடாது. பிஸ்கட், டாஃபி, வறுத்த நிலக்கடலை, உலர்திராட்சை, லேசாகச் சாக்லேட். எல்லா மைல்டிலும் எல்லாமும் இருக்காது. இரண்டு மூன்று தெளிவாக வந்தால் போதும். கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் மணம் இருந்தால் மண்வாசனை போல அடியில் கிடக்கும். ஃபகிள்ஸ், கோல்டிங்ஸ் போன்ற ஆங்கில ரகங்களின் இயல்பு அது. எலுமிச்சையோ மாம்பழமோ தூக்கலாக அடித்தால், நல்ல பீராக இருக்கலாம், மைல்ட் அல்ல.

இனி வாய். சின்ன உறிஞ்சலில் மைல்டை எடைபோட முடியாது. வாய் நிறையக் குடிக்க வேண்டும். ஆல்கஹால் தானும் ஓர் இனிப்பையும் கனத்தையும் தரும் பொருள். அது குறைந்த இடத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். காய்ச்சுபவர்கள் இதற்குச் செய்யும் வேலை நுட்பமானது. மால்டைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது வெப்பத்தைச் சற்று உயர்த்தி 68 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்தை எளிய சர்க்கரையாக உடைக்கும் நொதி சீக்கிரம் செயலிழந்துவிடும். ஈஸ்ட் தின்ன முடியாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சும். அவை தித்திப்பதில்லை, ஆனால் வாயில் ஒரு கொழுமை தரும். நல்ல மைல்ட் நாக்கின் நடுவில் கருப்பட்டிக் காபி போல உருண்டு நின்றுவிட்டுப் போவது இந்தக் கொழுமையால்தான். முன்னால் இனிப்பும் பின்னால் கசப்பும் இருந்து, நடுவில் ஒன்றுமே இல்லாமல் போனால் அது தோற்ற மைல்ட்.

விழுங்கிய பின் வாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் அவசியம். பிசுபிசுப்பு தங்கக் கூடாது. கருகிய துவர்ப்பு தொண்டையைப் பிடித்தால் கறுப்பு மால்ட் அதிகமாகிவிட்டது என்று பொருள். அடுத்த வாய்க்கு நாக்கைத் துடைத்துவிடும் அளவுக்குக் கசப்பு இருந்தால் சரி. நடுவர்களின் கையேடுகளில் மைல்டின் கசப்பு 10 முதல் 25 அலகுகள். கசப்பு மிகுந்த ஆங்கில ஐபிஏ வகையில் அது 40-ல்தான் தொடங்கும்.

குறைகளைக் கண்டுபிடிப்பதில்தான் மைல்ட் நல்ல பயிற்சிக்களம். ஹாப்ஸும் ஆல்கஹாலும் மூடிமறைக்காததால் சின்னத் தவறும் அப்பட்டமாகத் தெரியும். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை வந்தால் டயசெட்டைல்: ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பீரை அவசரமாக எடுத்திருக்கிறார்கள். சில பழைய ஆங்கில ஆலைகளில் இதன் சாயல் கொஞ்சம் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் பால்கோவா அளவுக்குப் போனால் மன்னிக்கக் கூடாது. பச்சை ஆப்பிள் வாடை, பீர் இன்னும் பக்குவப்படவில்லை என்பதற்கு அடையாளம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை காற்றுப் பட்ட பீரிலும், வினிகர் புளிப்பு நாள்பட்ட பீப்பாயிலும் வரும். கடைசி இரண்டும் பெரும்பாலும் ஆலையின் தவறு அல்ல, பப்பின் தவறு. திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் காலி செய்துவிட வேண்டும். ஒன்பது காலன் பீப்பாயில் 72 பைன்ட்; அதற்கு ஆள் வராத ஊரில் மைல்ட் கெட்டுத்தான் போகும். மதுக்கடைத் தட்டில் சிந்தியதையெல்லாம் கறுத்த மைல்டில் திருப்பி ஊற்றுகிறார்கள் என்ற பழைய சந்தேகமும் அதன் பெயரைக் கெடுத்தது. நிறம் கலங்கலை மறைத்துவிடும் அல்லவா?

வீட்டில் பீர் காய்ச்சுவோரின் போட்டிகளில் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. எல்லா வகைக்கும் இதே அளவுகோல். மைல்டுக்கு இது நியாயம் செய்வதாகத் தெரியவில்லை. அதன் வெற்றி தோல்வி வாயுணர்வில் இருக்க, அதற்கு ஐந்தே மதிப்பெண். அனுபவமுள்ள நடுவர்கள் அந்தக் குறையை அபிப்பிராயத்தின் பத்தில் ஈடு செய்யலாம்: அரை கோப்பை காலியான பிறகு இன்னொன்று கேட்கத் தோன்றுகிறதா, அல்லது அலுத்துவிட்டதா?

ஒப்பிட்டுப் பழக மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். பர்மிங்ஹாமுக்கு மேற்கே, நிலக்கரியும் இரும்பும் ஆண்ட பிளாக் கண்ட்ரிதான் மைல்டின் தலைமையிடம். பிரையர்லி ஹில்லில் 'புல் அண்ட் பிளாடர்' என்று ஊரார் அழைக்கும் வைன் இன் என்ற பப்பில், பக்கத்திலேயே காய்ச்சும் பேதம்ஸ் மைல்ட் (3.5) இன்றைய அளவுக்கு நல்ல இலக்கணம். அங்கிருந்து செஜ்லி போனால் பீக்கன் ஹோட்டல். குனிந்து நின்று கேட்டு வாங்க வேண்டிய சின்னச் சாளரம், பின்கட்டில் விக்டோரியா காலத்துக் கோபுர ஆலை. 1987-ல் மீண்டும் உயிர்பெற்ற அந்த ஆலையின் சாரா ஹியூஸ் டார்க் ரூபி 6 சதவீதம்; போருக்கு முந்தைய மைல்ட் எந்த எடையில் இருந்திருக்கும் என்பதைக் காட்டும். மூன்றாவது, யார்க்ஷயரின் டிமதி டெய்லர் கோல்டன் பெஸ்ட் (3.5). இது பொன்னிறம். கறுப்பு மால்ட் துணைக்கு வராதபோது காய்ச்சுபவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று அதில் பார்க்கலாம்.

மே மாதத்தை காம்ரா மைல்டுக்கென ஒதுக்கியிருப்பதால் அப்போது தேடுவது எளிது. இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து 3.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள பீருக்கு பிரிட்டிஷ் அரசு கணிசமாகக் குறைந்த வரி விதிக்கிறது. உடனே பல ஆலைகள் தம் வழக்கமான பீர்களையே 3.4-க்கு இறக்கின. வரிக்காக நீர்த்துப்போன அப்படியொரு பிட்டர் வகை ஏலையும், அந்த அளவுக்கென்றே கட்டியெழுப்பப்பட்ட ஒரு மைல்டையும் அடுத்தடுத்து வைத்துக் குடித்துப் பார்க்கலாம். முதலாவதில் நாக்கின் நடுப்பகுதி காலியாக இருக்கும். எண் இரண்டிலும் ஒன்றுதான்.