எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் சீர்

பள்ளிகளில் சீருடை வேண்டுமா, வேண்டாமா என்று நம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நடக்கும் விவாதம் பெரும்பாலும் நகரத்து விவாதம். சீருடை சமத்துவம் தரும் என்கிறது ஒரு தரப்பு. அது தனிமனித விருப்பத்தை நசுக்குகிறது என்கிறது இன்னொரு தரப்பு. கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான பைல் நாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு தரப்புமே பாதிதான் பேசுகின்றன. இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள். மரவள்ளி, மிளகு, காப்பி, கூலி வேலை என்று ஓடும் வாழ்க்கை. 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் இந்த மலையில் ஒரு சிறுமிக்கு அரசு தரும் சீருடைக்கு என்ன பொருள்? அந்தப் பொருள் எந்த வயதில் தலைகீழாக மாறுகிறது? இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே சீருடையை விமர்சிக்க விரும்புகிறேன்.

முதலில் அதன் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985இல் தொடங்கிய விலையில்லாச் சீருடைத் திட்டம் சத்துணவோடு இணைந்தது. சத்துணவு உண்ணும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு சமூக நலத்துறை சீருடை வழங்குகிறது. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அது ஆண்டுக்கு 4 இணையாக உயர்ந்தது. தைப்பவர்கள் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். அதாவது, ஏழைச் சிறுமி அணியும் சட்டையைத் துண்டுக் கணக்கில் கூலி பெறும் ஏழைப் பெண் ஒருத்தி தைத்திருக்கிறாள். மலைப்பகுதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு போன்றவற்றைத் தரும் திட்டமும் உண்டு.

'உடை என் உரிமை, சீருடையே வேண்டாம்' என்று சொல்வதற்கு அலமாரியில் உடைகள் இருக்க வேண்டும். துவைத்தால் பனியிலும் தூறலிலும் ஒரே நாளில் காயாத மலையில், நான்கு இணை என்பது மறுநாளும் பள்ளிக்குப் போகலாம் என்பதற்கான உத்தரவாதம். பண்டிகைக்கு எடுத்த ஒற்றை உடையை எல்லா நாளும் உடுத்தி வரும் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருப்பதற்கான உத்தரவாதமும்கூட. ஆகவே சீருடையை ஒழிக்கச் சொல்லும் பெண்ணியத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சத்துணவுகூட 10ஆம் வகுப்பு வரை வருகிறது. சீருடை 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான் பொறுப்பேற்கிறது. விடுதியில் தங்கிப் படிப்போருக்குத் தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து நடந்து வருபவளுக்கு 9ஆம் வகுப்பில் சீருடை என்பது பெற்றோர் துணி எடுத்து, தையற்கூலி கொடுத்து வாங்கித் தர வேண்டிய செலவாகிவிடுகிறது. கொல்லிமலையின் குளிர் எட்டாம் வகுப்போடு நிற்பதில்லை.

அரசின் கை பின்வாங்கும் அதே வயதில்தான் அதன் கண் முன்னால் வருகிறது. அதுவரை இரு பாலருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்த விதிகள் இப்போது பெண்ணுக்கு மட்டும் நீள்கின்றன. துப்பட்டாவை இரு தோளிலும் மடித்துக் குத்த வேண்டும். இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். சடை அவிழக் கூடாது, பூ கூடாது, கமீஸ் இறுக்கமாக இருக்கக் கூடாது. 2018-19இல் சீருடையின் நிறங்கள் மாற்றப்பட்டபோது மேல் வகுப்பு மாணவிகளின் சல்வார் கமீஸ் மீது ஒரு மேல்கோட்டும் சேர்ந்தது. அதே வகுப்பு மாணவனுக்கு மேல்கோட்டு கிடையாது. விலை கொடுத்து வாங்க வேண்டிய வயதில்தான் வாங்க வேண்டிய துணியும் கூடுகிறது. தருவது நின்ற இடத்தில் தடுப்பது தொடங்குகிறது. சீருடைத் திட்டத்தைப் பற்றிய என் விமர்சனத்தின் மையம் இதுதான்.

'சீர்' என்ற சொல்லே இதைச் சொல்லிக்கொடுக்கிறது. சீர் என்றால் ஒழுங்கு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் வரிசையும் சீர்தான். பெண் பூப்படைந்தவுடன் தாய்மாமன் சீராகப் புடவை கொண்டுவருவது தமிழ்ச் சமூகத்தின் பரவலான வழக்கம். இனி உன் உடல் எல்லோரும் பார்க்கும் உடல், மூடு என்பதுதான் அந்தப் புடவை சொல்லும் சேதி. பள்ளி அந்தச் சேதியை மறுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அது ஊக்குகளோடு வழிமொழிகிறது. ஒரு வேறுபாடு உண்டு. தாய்மாமன் தன் கைக்காசில் புடவை எடுக்கிறார். அரசு துப்பட்டாவைப் போடச் சொல்லிவிட்டு, பணத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கிவா என்கிறது. சிறார் திருமணம் இன்னும் முழுதாக ஒழியாத மலையில், படிப்பு மேலும் செலவு வைக்கும் ஒவ்வொரு பருவமும் பெண்ணைப் பள்ளியிலிருந்து கல்யாணப் பேச்சுக்கு ஓரடி நகர்த்துகிறது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: பையன்களின் கவனம் சிதறும். கொல்லிமலைக்கு இது புதிய கதை அன்று. சங்கப் பாடல்களில் பேசப்படும் கொல்லிப்பாவையைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவது என்ன? அவள் புன்னகையில் மயங்கி வருபவர்கள் மாண்டுபோவார்கள். பார்த்தவன் மயங்கினால் பழி பாவைக்கு. இன்று எந்தத் தலைமையாசிரியரும் பாவைக் கதையை நம்புவதாகச் சொல்ல மாட்டார். ஆனால் காலை வணக்கக் கூட்டத்தில் துப்பட்டா குத்தாத பெண்ணை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தும்போது அந்தக் கதையைத்தான் திரும்பச் சொல்கிறார். அவளைக் கண்காணிக்க அனுப்பப்படும் ஆசிரியையும் சுதந்திரமானவர் அல்லர். 2019இல் தமிழக அரசு ஊழியர்களுக்கு வந்த ஆணை, பெண்கள் புடவை, சல்வார் கமீஸ், சுடிதார் அணியலாம் என்றது. துப்பட்டா கட்டாயம் என்றும் சேர்த்துக்கொண்டது.

உடைக் கட்டுப்பாடு என்றாலே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் புகுந்து, அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்களே. ஒரே சீருடையால் சாதியை மறைக்க முடியவில்லை. அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. இதுவும் உடை விதிதான். ஆனால் இது ஆதிக்கம் செய்பவனின் கையில் இருப்பதைக் கழற்றச் சொல்கிறது. துப்பட்டா விதி, பார்க்கப்படுகிறவளை மூடச் சொல்கிறது. விதி யாருடைய அதிகாரத்தைக் குறைக்கிறது என்று கேட்டால் இரண்டுக்கும் உள்ள தூரம் விளங்கும். திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் போராடிய நாடார் பெண்களுக்கு 1859இல் வந்த அரச ஆணையை நினைத்துக்கொள்ளலாம். மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக் கூடாது என்றது அது. அனுமதி என்ற பெயரில் வந்த ஆணைக்குள்ளேயே படிநிலை பத்திரமாக இருந்தது.

கர்நாடக ஹிஜாப் வழக்கு இன்னொரு அளவுகோலைத் தருகிறது. 2022 பிப்ரவரியில் வந்த அரசாணையைத் தொடர்ந்து முஸ்லிம் மாணவிகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். மாணவிகளின் பக்கம் நின்ற நீதியரசர் சுதான்ஷு துலியா, பள்ளிக்குக் கிளம்பும் முன்பே வீட்டு வேலைகளில் அம்மாவுக்குத் தோள் கொடுக்கும் கிராமத்துச் சிறுமிகளைப் பற்றிப் பேசினார். உடையின் பேரில் அவர்களுக்கு மேலும் ஒரு தடையை வைத்து நாம் எதைச் சாதிக்கிறோம் என்பதே அவருடைய கவலை. அவர் பேசிய சிறுமி பைல் நாட்டிலும் இருக்கிறாள். தண்ணீர் எடுத்து, தம்பி தங்கையைக் கிளப்பி, தன் சடையைத் தானே பின்னிக்கொண்டு அவள் வருகிறாள். ஒற்றைச் சடையோடு வந்துவிட்டாள் என்பதற்காக முதல் பாடவேளை முழுக்க அவளை வெளியே நிறுத்துவது எந்தக் கல்வி?

ஆண் உடையைப் பெண்ணுக்கும் போட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா? கேரளத்தின் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 2021 டிசம்பரில் மாணவிகளுக்குப் பேன்ட்டும் சட்டையும் வந்தன. ஓடலாம், பேருந்து ஏறலாம். மலைச்சரிவில் நடப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் 'பொது உடை' என்றால் அது ஆணின் உடையாகவே இருப்பது ஏன் என்ற கேள்வி மீதி நிற்கிறது. பாவாடையா, சல்வாரா, பேன்ட்டா என்பதை உடுத்தப்போகிறவளிடம் கேட்டு முடிவு செய்யும் பள்ளிதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஆகவே சீருடை இருக்கட்டும், அது கொடுக்கப்படுவதாக இருக்கட்டும். நான்கு இணையும் ஸ்வெட்டரும் 12ஆம் வகுப்பு வரை வர வேண்டும். துணியின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றுமுன் மலைப்பள்ளி மாணவிகளையும் கேட்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் கறையை நினைத்துக் கூசி உட்கார வைக்காத நிறமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாணவனுக்கு இல்லாத விதி மாணவிக்கும் இருக்கக் கூடாது. உடையில் என்ன குறை இருந்தாலும் அதற்காக ஒரு பெண்ணையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது. இவற்றில் ஒன்றாவது உங்கள் ஊர்ப் பள்ளியில் நடைமுறையில் இருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.