கறுப்புப் போத்தல்

தாவர உணவுக்காரர்கள் கொண்டாடும் ஊட்டச்சத்து ஈஸ்ட்டின் மஞ்சள் துகளை ஹட்டன் கடைகளில் தேடி அலைய வேண்டியதில்லை. அதன் கறுத்த அண்ணன் மாமைட், மஞ்சள் மூடிக் குண்டுப் போத்தலில் இருக்கிறதே.

பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டில் உப்பிட்டால் அதன் செல்கள் உடையும். ஈஸ்ட் தன்னைத்தானே செரித்துக்கொள்ள, அதன் புரதத்திலிருந்து குளூட்டாமேட் வெளிப்படும். மாமைட்டில் இறைச்சியே இல்லாமல் இறைச்சிச் சாற்றின் ருசி வருவது அதனால்தான். 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டனில் பிறந்த சரக்கு இது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில், பசியால் நலிந்திருந்த இலங்கைக் கிராமத்தவருக்குச் காலனியாட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தார் இதை உருண்டைகளாக்கிக் கொடுத்தார்கள்.

மலைக்குளிருக்கு என் வழி: ஒரு கோப்பை கொதிநீரில் அரைத் தேக்கரண்டி மாமைட், கொஞ்சம் மிளகுத்தூள், தேசிக்காய்ப் புளி. அதைவிடப் பருப்புக் கறிதான் இதற்குச் சரியான இடம் என்பேன். தேங்காய்ப்பால் விட்டு இறக்கும் நேரத்தில் கால் தேக்கரண்டி கரைத்தால் போதும். மாசிக் கருவாடு போடாத குறை தெரியாது. உப்பை மட்டும் முதலிலேயே குறைத்துவிட வேண்டும். சூடான ரொட்டியில் தார் பூசுவதுபோல அப்புகிறவர்களை என்ன சொல்ல!

ஒன்று: வைட்டமின் பி12 ஈஸ்ட்டில் இயல்பாக இல்லை, தயாரிப்பவர்கள் சேர்ப்பது. முட்டை, பால் தொடாதவர்கள் லேபலைப் படித்தே வாங்கட்டும்.