கோப்பை உண்டு, கோர்ட் யாருக்கு?

பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வெற்றிகளுக்குத் தரப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 2024-ஆம் ஆண்டுக்கு சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. அதைக் காட்டி நம் வேலூர்ப் பக்கத்திலும் சிலர் வாதாடுகிறார்கள்: நல்ல ஆட்டக்காரர்களுக்கு இலவச சீட் கொடுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதையே விளையாட்டுத் தொண்டு என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். டென்னிஸில் இந்த வாதம் எடுபடுவதுபோல வேறெதிலும் எடுபடாது. நாலைந்து பேர் கிடைத்தால் ஓர் அணி தயார்.

நன்மை இல்லாமல் இல்லை. பிளஸ் டூ வந்ததும் ராக்கெட்டைப் பரணில் போட்ட பிள்ளைகள் ஏராளம். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும், போட்டிக்குப் போன நாளை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி.யும் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வழி செய்தன. கட்டணச் சலுகையில் ஆண், பெண் என்ற வேறுபாடும் பெரிதாக இல்லை. சரி.

ஆனால் இந்த ஆட்டக்காரரை உருவாக்கியது யார்? டென்னிஸை ஏழெட்டு வயதில் தொடங்க வேண்டும். பதினேழு வயதில் கல்லூரிக்குள் வருபவரின் பின்னால் அப்பாவின் பணமும், சென்னையிலோ கோவையிலோ ஓர் அகாடமியின் பத்து வருட உழைப்பும் இருக்கின்றன. ஆம்பூரில் தைத்த ஷூ வெளிநாட்டு பிராண்டின் பெயரோடு டப்பாவில் ஏறுவதுபோல, யாரோ செய்த ஆட்டக்காரர் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த பனியனோடு களத்தில் இறங்குகிறார்.

அமெரிக்காவும் ஆள் பிடிக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். செய்கிறது, பிடித்தவரை வளர்க்கவும் செய்கிறது. சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2006-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் இறுதியாட்டத்தில் தோற்றார். 2007, 2008 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார். 2009 தொடக்கத்தில் வைல்டு கார்டில் நுழைந்து சென்னை ஓபன் இறுதிவரை போனார். முழுநேரப் பயிற்சியாளர், மாதக்கணக்கில் நீளும் சீசன், அடுத்தடுத்துப் பிற பல்கலைக்கழகங்களோடு மோதல்: இவைதான் அவர் ஏறிய படிகள். இங்கே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தென்மண்டலப் போட்டி ஒரு சில நாள். முதல் சுற்றில் தோற்றால் அந்த வருடம் அதோடு சரி. நாம் அணி என்பது பெரும்பாலும் ஒரு ரயில் பயணத்தைத்தான்.

மகளிர் அணியைப் பார்த்தால் சாயம் முழுதாக வெளுக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஷூ கம்பெனிகள் ஓடுவதே பெண்களின் கையால்தான். அவர்களின் மகள்கள் இன்று திருவள்ளுவர் பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் படிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கையில் ராக்கெட் ஏறியிருக்கிறது? கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு மகளிர் அணி சேர்ப்பதே பி.டி. மேடத்துக்குப் பெரும்பாடு. ஷட்டில் ஆடும் பெண்ணை இழுத்துவந்து கணக்குக் காட்டுவதும் நடக்கிறது.

பெண்களுக்கு ஆர்வமில்லை என்பது சோம்பேறி பதில். வேலூர் வெயிலில் கோர்ட்டில் நிற்கக்கூடிய நேரம் காலை ஏழரைக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்குமேல். ஆறு, ஆறரைக்கு மகளிர் விடுதியில் வருகைப் பதிவு. ஃபிளட்லைட் எரியத் தொடங்கும்போது பெண்கள் கம்பிக்கதவுக்கு உள்ளே, ஆண்கள் கோர்ட்டில். வகுப்பு முடிந்து ஆம்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அந்தக் கொஞ்ச நேரமும் கிடையாது. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் முதுமையிலும் டென்னிஸ் ஆடிய ஊர் இது. ஆட்டம் இந்த ஊர்ப் பெண்களுக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது. கோர்ட்டுக்கும் விடுதிக்கும் நடுவே பூட்டைப் போட்டது நிர்வாகம்.

பூட்டைத் திறக்க நிர்வாகத்துக்கு அவசரமும் இல்லை. ஆசாத் கோப்பைக்குப் புள்ளிகள் வெற்றியைப் பார்த்து வருகின்றன. கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுப் படிவத்திலும் பதக்கங்களுக்கென்று தனி வரி இருந்துவந்தது. புதிதாக ஆடக் கற்றுக்கொண்ட நூறு மாணவிகளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அதற்குக் கட்டமே இல்லாததால், நூறு பேருக்குப் பந்து வாங்கும் காசில் ஜூனியர் தரவரிசையில் இருக்கும் ஒருவருக்கு சீட் கொடுப்பதே புத்திசாலித்தனமாகிறது. அமெரிக்காவில் பெண்களின் கல்லூரி விளையாட்டு தழைத்ததற்கு கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த சட்டம் ஒரு பெரிய காரணம். நிர்வாகங்களின் பெருந்தன்மையை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை.

இலவச சீட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதைத் தொண்டு என்று அழைப்பதை நிறுத்தலாம். பல்கலைக்கழகம் ஒன்று தன் டென்னிஸைப் பற்றிப் பெருமை பேச வந்தால் ஒரே கணக்கைக் கேளுங்கள்: இங்கே சேர்ந்த பிறகு முதல்முறையாக ராக்கெட் பிடித்து, மூன்றாம் ஆண்டிலும் விடாமல் ஆடுகிற மாணவிகள் எத்தனை பேர்? பதில் பூஜ்யம் என்றால், வரவேற்பறையில் அடுக்கியிருக்கும் கோப்பைகள் விளையாட்டுத் துறையின் சாதனை அல்ல. அட்மிஷன் ஆபீஸின் சாதனை.