சித்திரக்கதைகளில் மொழிவிளையாட்டும் மொழிசார் முன்முடிவுகளும்: ஜவ்வாது மலையை முன்வைத்து

முன்னுரை

சித்திரக்கதையின் பேச்சுக்குமிழி, ஒலியைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. எழுத்துருவையோ சொல்வரிசையையோ சற்றே மாற்றினால், பேசுபவர் யார் என்பதை வாசகர் உணர்வர். இவ்வசதி மொழியைக்கொண்டு நகைச்சுவை படைக்கவும், ஒரு மக்கள்குழுவின் மொழியைத் தாழ்த்தவும் பயன்படுகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோலை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொழியே நகைப்பொருளாதல்

பிரெஞ்சுச் சித்திரக்கதையான ஆஸ்டெரிக்ஸில் கோத்துகளின் பேச்சு கோத்திக் எழுத்துருவில் அமைகிறது. பிரித்தானியர் ஆங்கிலச் சொல்வரிசையில் பிரெஞ்சு பேசுகின்றனர். இரு மொழிகளின் தொடரமைப்பு மோதுவதே அங்குச் சிரிப்பை விளைவிக்கிறது. 1983இல் 'டிங்கிள்' இதழில் அறிமுகமான சுப்பாண்டி, தமிழ் நாட்டார் கதைமரபிலிருந்து உருவானவன். இட்ட ஏவலைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுவது அவன் இயல்பு. பேதை எனப் பெயர்பெற்றாலும், சொற்பொருளுக்கும் சொல்வோர் கருத்துக்கும் உள்ள இடைவெளியை அவனே வெளிப்படுத்துகிறான். பிழை ஏவியவர் பக்கமும் உண்டு என்பதை வாசகர் உணர்கிறார்.

மக்கள் நகைப்பொருளாதல்

லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி நாயகனின் கதைகளை, மாயாவி என்னும் பெயரில் ராணி காமிக்ஸ் தமிழில் வெளியிட்டது. அக்கதைகளில் காட்டுமக்களின் பழமொழிகளாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் வெள்ளை நாயகனின் புகழுரைகளே. ஒரு சமூகத்தின் வாய்மொழி மரபு முழுவதும் பிறனொருவனைப் போற்றும் கருவியாகச் சுருங்கிவிடுகிறது.

ஜவ்வாது மலை தரும் உரைகல்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். 'மலையை ஆள்பவர்' எனப் பொருள்கொள்ளத்தக்க அவர்தம் பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என மயங்குவோர் உளர். இம்மயக்கத்தைச் சித்திரக்கதையாக்கினால் நகைக்கப்படுபவர் மயங்கியவரே, அது மொழிவிளையாட்டு. அதே மக்களின் பேச்சுக்குமிழியில் பொருளற்ற கூச்சலை நிரப்பினால், தமிழ் பேசுவோரே தமிழிலிருந்து வெளியேற்றப்படுகின்றனர், அது முன்முடிவு.

முடிவுரை

ஜமுனாமரத்தூர் மாணவர் ஒருவர் அப்பக்கத்தைப் படிக்கும்போது, சிரிப்போருள் ஒருவராக இருக்கிறாரா, சிரிக்கப்படுபவராக மட்டும் நிற்கிறாரா என்பதே அளவுகோலாகும். வட்டார வழக்கைக் குமிழிக்குள் கொணரும் படைப்பாளரும், வேற்றுமொழிக் கதைகளைத் தமிழாக்குவோரும் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. தமிழ்ச் சித்திரக்கதை ஆய்வுகள் கதைமாந்தரையும் ஓவியத்தையும் மட்டுமன்றி, குமிழிக்குள் யாருடைய தமிழ் இடம்பெறுகிறது என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.